ஹமீதா பானுவுக்குக் கிடைக்காத தராசு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வலயக் கல்வி அலுவலகங்களில் உடற்கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தர்களுக்கும், பெண் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், ஊர் விளையாட்டுக் கழகங்களுக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மார்ச் 8 நெருங்கும்போதும், சித்திரை விளையாட்டு விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் போடும்போதும், “இந்த முறை பொம்பிளைப் பிள்ளைகளின் மல்யுத்தம் ஒன்றும் வைப்பம்” என்று யாராவது ஒருவர் சொல்வார். எண்ணம் நல்லதுதான். நடப்பது வேறு. மைதானத்தின் நடுவில் நாலு ஸ்பொஞ் மெத்தை. வலைப்பந்து அணியிலிருந்து பிடித்துவந்த இரண்டு பிள்ளைகள். விசில் ஊத ஒரு கரப்பந்தாட்ட நடுவர். சுற்றிவரக் கைத்தொலைபேசிகள். மெத்தைகளுக்கு இடையிலுள்ள வெடிப்பில் ஒரு பிள்ளையின் கணுக்கால் போகும், அல்லது விழும்போது கையை ஊன்றித் தோளெலும்பு போகும். அத்தோடு அந்த ஊரில் இன்னும் பத்து வருடத்துக்குப் பெண்கள் மல்யுத்தம் என்ற பேச்சே எழாது.

நாம் கேட்பது இதுதான்: காட்சிப் போட்டி வைக்காதீர்கள். அந்தக் காசில் முதலில் ஒரு தராசும் ஒரு பயிற்சி மெத்தையும் வாங்கி, பன்னிரண்டு கிழமை பழக்கி, அதன்பிறகு போட்டி வையுங்கள். காட்சிப் போட்டியாலேயே பெயர் எடுத்து, காட்சிப் போட்டியாலேயே பெயர் கெட்ட ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்து இதைச் சொல்கிறோம்.

ஹமீதா பானு இந்தியாவின் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில் பிறந்த மல்யுத்தக்காரி. பெண்ணுக்கு மல்யுத்த மண்ணில் இடமில்லை என்ற ஊரை விட்டு அலிகாருக்குப் போய், சலாம் பயில்வானிடம் பழகினார். நிறை 108 கிலோ, உயரம் ஏறக்குறைய 1.6 மீற்றர். பத்திரிகைகள் அவரை ‘அலிகாரின் அமேசன்’ என்று எழுதின. அவர் ஒரு நாளைக்குக் குடிக்கும் பால் 5.6 லீற்றர், சூப் 2.8 லீற்றர், பழச்சாறு 1.8 லீற்றர், தின்பது ஒரு கோழி, ஒரு கிலோவுக்குக் கிட்டிய ஆட்டிறைச்சி, அரைக் கிலோ வெண்ணெய், ஆறு முட்டை, இரண்டு தட்டு பிரியாணி என்று பட்டியல் போட்டன. ஒன்பது மணித்தியாலம் உறக்கம், ஆறு மணித்தியாலம் பயிற்சி என்பதும் அச்சேறியது.

1954 பெப்ரவரியில் அவர் ஓர் அறிவிப்பு விட்டார்: மல்லில் தன்னை வெல்பவரை மணப்பேன். பாட்டியாலாச் சம்பியன் ஒருவரும் கல்கத்தாச் சம்பியன் ஒருவரும் தோற்றார்கள். மூன்றாவதாக அந்த மே மாதம் வதோதரா. முதலில் இறங்க இருந்த சோட்டே காமா, பெண்ணோடு மோதமாட்டேன் என்று கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். பதிலுக்கு வந்தவர் பாபா பயில்வான். போட்டி 1 நிமிடம் 34 விநாடியில் ஹமீதாவின் வெற்றியோடு முடிந்தது, பாபா பயில்வான் அதோடு மல்லையே விட்டார். அதே ஆண்டு மும்பையில், ‘ரஷ்யப் பெண் கரடி’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அதுவரை 320 போட்டிகளில் தோல்வியே இல்லை என்பது அவர் சொன்ன கணக்கு.

இவ்வளவையும் விழா மேடையில் வாசித்துக் கைதட்டல் வாங்கலாம். மிச்சத்தை வாசிப்பார் இல்லை. கோலாப்பூரில் ஓர் ஆண் பயில்வானை வென்றபோது கூட்டம் கூச்சலிட்டுக் கல்லெறிந்தது, பொலிஸ் தலையிட வேண்டி வந்தது. புனேயில் நடக்கவிருந்த ஒரு போட்டி மல்யுத்த அமைப்பின் எதிர்ப்பால் நின்றது. பம்பாய் மாகாணத்தில் அவருடைய போட்டி தடுக்கப்பட்டபோது அவர் முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, ஏற்பாட்டாளர்கள் டம்மி ஆட்களை எதிரே இறக்குகிறார்கள் என்று முறைப்பாடு வந்திருக்கிறது என்பது மொரார்ஜி கொடுத்த பதில்.

கவனியுங்கள், இந்தக் குற்றச்சாட்டுக்கு மறுமொழி சொல்ல ஹமீதா பானுவின் கையில் ஒரு கடதாசிகூட இருந்ததாகத் தெரியவில்லை. எதிராளியின் நிறை என்ன, நடுவரை நியமித்தது யார், தோள் எத்தனை விநாடி மண்ணில் பட்டது, யாருக்கு எவ்வளவு காசு என்று காட்ட ஓர் ஏடு இருந்திருந்தால் மொரார்ஜியின் பதில் நிற்காது. 108 கிலோக்காரி 70 கிலோக்காரனை வென்றால் அது எந்தப் பலத்துக்குச் சான்று? தராசு இல்லாத இடத்தில் வென்றவருக்கும் நியாயம் கிடைக்காது. இன்றைக்கும் அவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் “உண்மையில் வென்றாரா, ஒப்பந்தமா” என்ற கேள்வியில் வந்து முட்டுப்படுகிறார்கள்.

அவர் ஐரோப்பா போய் மோத விரும்பினார். அதைத் தடுக்கச் சலாம் பயில்வான் கை உடையும் அளவுக்கு அடித்தார் என்று அவருடைய பேரன் பின்னாளில் ஊடகங்களுக்குச் சொன்னார். பயிற்றுநரும், முகாமையாளரும், காசு வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. கடைசிக் காலத்தில் மும்பைக்கு அப்பால் கல்யாணில் பால் விற்றும், கட்டடம் வாடகைக்கு விட்டும், கை வறண்டபோது வீட்டுப் பலகாரம் தெருவோரம் விற்றும் வாழ்ந்து 1986இல் இறந்தார்.

இது இந்தியாவில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் மில்ட்ரெட் பர்க், 1915இல் கான்சாஸ் மாநிலத்துக் கொஃபிவில்லில் பிறந்தவர், 1935 தொடக்கம் திருவிழாக் கூடாரங்களில் ஆண்களோடு மோதினார். இருநூறுக்கு மேல் ஆண்கள், தோல்வி ஒன்றே ஒன்று என்பது அவர் பெயரோடு வரும் கணக்கு. 1937இல் கிளாரா மோர்ட்டன்சனை வென்று பெண்கள் பட்டத்தை எடுத்தார். முகாமையாளர் பில்லி வுல்ஃப்தான் கணவர், வருமானமும் அவர் கையில். மணவாழ்வு முறிந்ததும் தொழிலும் வுல்ஃபின் கையிலேயே நின்றது. 1954 ஓகஸ்ற்றில் அற்லாண்டாவில் ஜூன் பயர்ஸுடன் மூன்றில் இரண்டு வீழ்த்தல் என்ற ஒப்பந்தத்தில் இறங்கினார். முதல் வீழ்த்தல் ஜூனுக்குப் போனது, இரண்டாவது முடியுமுன் போட்டி நிறுத்தப்பட்டது, பட்டம் யாருடையது என்று இரு தரப்பும் வாதாடின. இங்கேயும் முடிவைத் தெளிவாகக் காட்டும் கடதாசி இல்லாததே காலை வாரியது. ஆனால் பர்க் அதே ஆண்டு நவம்பரில் யப்பானுக்குப் போனார், அங்கே பெண்கள் மல்யுத்தம் வேர்விட்டது, அவர் அமைப்பின் பெயரைத் தாங்கிய சிவப்புப் பட்டி 1970 முதல் 2006 வரை அங்கே மிகப் பெரிய பட்டமாக இருந்தது.  

ஹமீதாவும் பர்க்கும் செய்தது தொழில்முறை மல்யுத்தம், கூட்டத்துக்காக நடப்பது. தொலைக்காட்சியில் பையன்கள் பார்த்துக் கதிரையால் அடித்து விளையாடுவதும் அந்த வழியில் வந்ததே. நாம் பாடசாலைக்குச் சொல்வது ஒலிம்பிக் முறைப் பெண்கள் சுயபாணி (ஃப்ரீஸ்டைல்) மல்யுத்தம். அது 1987இல் நோர்வேயில் முதல் உலகப் போட்டியையும், 2004 ஏதென்சில் நாலு நிறைப் பிரிவுகளோடு ஒலிம்பிக்கையும் கண்டது. இப்போது ஒலிம்பிக்கில் ஆறு பிரிவு: 50, 53, 57, 62, 68, 76 கிலோ. 57 கிலோவில்தான் நம் நாட்டு நெத்மி பொருதொட்டகே 2022இல் பேமிங்காம் பொதுநலவாய விளையாட்டில் அவுஸ்திரேலிய வீராங்கனையை 10–0 என்று வென்று வெண்கலம் எடுத்தார். அடிப்பதும் உதைப்பதும் கழுத்தை நெரிப்பதும் இதில் இல்லை. எதிராளியைத் தரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் 2, வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1, முதுகு மெத்தையைப் பார்க்கத் திருப்பினால் 2, பெரிய எறிதலுக்கு 4 அல்லது 5. 10 புள்ளி முன்னிலை வந்தாலும், இரு தோளும் மெத்தையில் அழுத்திப் பிடிக்கப்பட்டாலும் போட்டி முடிந்தது. 17 வயதுக்குட்பட்டோருக்கு இரண்டு நிமிடத்தில் இரண்டு சுற்று, இடையில் 30 விநாடி ஓய்வு. இரு கையையும் அக்குளடியால் விட்டுப் பிடரியில் கோர்க்கும் இரட்டைக் கழுத்துப் பூட்டு பெண்கள் பிரிவில் முற்றாகத் தடை. நடுவர் இதைத் தெரியாமல் இறங்கக்கூடாது.

இனி மெத்தை. சர்வதேசப் போட்டி மெத்தை 12 மீற்றர் சதுரம், நடுவில் 9 மீற்றர் விட்டமுள்ள வட்டம், அதன் உள்விளிம்பில் 1 மீற்றர் அகலத்தில் வேறு நிறப் பட்டை. நம் பாடசாலை மண்டபங்கள் பலவற்றில் அது நுழையாது, நுழையவும் தேவையில்லை. தொடங்குவதற்கு 6 மீற்றர் சதுரம் போதும். 1 × 2 மீற்றர் துண்டுகளாக 18. ஒரு சோடிக்கு 9 சதுர மீற்றர் என்றால் ஒரே நேரத்தில் நாலு சோடி. பதினாறு பிள்ளைகளை எட்டு எட்டாக மாற்றிப் பழக்கலாம். மண்டபம் இடம் தந்தால் 8 மீற்றர் சதுரம், 32 துண்டு. சுவரிலிருந்தும் தூணிலிருந்தும் 1.5 மீற்றர் விலகி விரிக்க வேண்டும். விலக முடியாத தூணுக்கு ஆளுயரத்துக்கு ஸ்பொஞ் சுற்றிக் கட்டுங்கள்.

தடிப்பு 4 முதல் 6 சென்ரிமீற்றர். தடிப்பை விட இறுக்கம் முக்கியம். கட்டில் மெத்தை ஸ்பொஞ்சை றெக்சினில் தைத்துத் தருகிற கடைகள் உண்டு, அதை வாங்காதீர்கள். கால் புதையும், மேல் உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது, தசைநார் கிழியும். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் நடுத் தசைநார் காயம் ஆண் பிள்ளைகளை விடக் கூட. வாங்குமுன் கடையிலேயே ஒற்றைக் குதியில் நின்று பாருங்கள், தரை தட்டுப்படக்கூடாது. இரண்டு காலில் நில்லுங்கள், பாதம் புதையக்கூடாது. இரண்டும் சரியென்றால் அது மல்யுத்தத்துக்கு ஆகும். தும்பு மெத்தை கட்டிபிடிக்கும், நனைந்தால் காயாது. அரிசி ஆலையில் உமி எடுத்து நிரப்பித் தறப்பாள் இழுத்துக் கட்டும் யோசனையும் அம்பாறைப் பக்கம் வரும். மலிவுதான், ஆனால் பிள்ளைகள் திரும்பத் திரும்ப விழும் இடம் பள்ளமாகும், எலியும் கறையானும் பங்குக்கு வரும்.

துண்டுகள் சந்திக்கும் மூட்டுகளை வெறுமனே விடக்கூடாது. 18 துண்டை 6 மீற்றர் சதுரமாக அடுக்கினால் ஒட்ட வேண்டிய மூட்டு மொத்தம் 42 மீற்றர். 25 மீற்றர் வைனைல் ரேப் என்றால் இரண்டு சுருள். தினமும் விரித்துச் சுருட்டுகிற பாடசாலைக்கு இது கட்டுபடியாகாது. முழுச் சதுரத்தையும் மூடும் ஒற்றைத் துண்டு வைனைல் விரிப்பை இழுத்து, ஓரங்களை அடியில் மடித்துக் கட்டுவது நல்லது. விரிப்பில் சுருக்கம் இருந்தால் கால்விரல் அதில் மாட்டும். மூலைகளை இழுத்துப் பிடிக்க நாலு பேர் வேண்டும். பல் பல்லாகக் கோர்க்கும் ‘பசில்’ மெத்தை கராட்டிக்குச் சரி. மல்யுத்தத்தில் முழங்காலால் தள்ளி நுழையும்போது பற்கள் பிரிந்துவிடும்.

ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை நம் பக்கத்து மழையை மறக்காதீர்கள். வெள்ளம் வந்தால் மண்டபத்தில் முதலில் குடியேறுவது மக்கள், மெத்தையை யாரும் நினைக்க மாட்டார்கள். சேமிக்கும் இடத்தில் நிலத்தில் இருந்து ஒரு அடியாவது உயர்த்திய மரத் தட்டு போடுங்கள். துண்டுக்குத் துண்டு காற்று போகும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். ஈரத்தோடு அடுக்கினால் இரண்டு கிழமையில் கரும்புள்ளி பூக்கும்.

பூஞ்சணம் மெத்தையோடு நிற்காது. மல்யுத்தக்காரரின் பொது நோய் படர்தாமரை. ஒரு பிள்ளையின் முழங்கையில் காசளவு வட்டம், பத்து நாளில் பாதி வகுப்புக்கு. தடுப்பது மலிவு: ஒரு லீற்றர் தண்ணீருக்கு வீட்டுப் பாவனைக் குளோரின் திரவம் 15 மில்லிலீற்றர். 36 சதுர மீற்றருக்கு 4 லீற்றர் கலவை காணும், அதாவது 60 மில்லிலீற்றர் திரவம். ஒரு முனையில் தொடங்கிப் பின்னோக்கி நடந்து துடைத்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டு, நல்ல தண்ணீரால் மீண்டும் துடைத்துக் காயவிடுங்கள். பயிற்சிக்கு முன் செய்தால்தான் பலன். முடிந்தபின் செய்தால் இரவுத் தூசி மேலே படியும். கழிவறை கழுவும் அமிலத்தை இதோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும். படர்தாமரை வந்த பிள்ளை மருந்து தொடங்கி குறைந்தது 72 மணித்தியாலம் விலகி, வைத்தியர் சொன்ன பிறகு வரட்டும். வெளியே போட்ட சப்பாத்தோடு மெத்தையில் ஏறக்கூடாது. தொடக்கத்தில் வெறுங்கால் போதும். சொக்ஸ் வழுக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து வருவார்கள். பயிற்சி நாளில் வேண்டாம் என்று வீட்டுக்கு எழுதி அனுப்புங்கள். எண்ணெய் மெத்தையில் இறங்கினால் சவர்க்காரம் போட்டுத் தேய்க்காமல் போகாது, பிடியும் நழுவும். நகம் வெட்டியிருக்க வேண்டும். தோடு, மூக்குத்தி, காப்பு, கறுப்புக் கயிறு, இரும்புக் கிளிப் எல்லாம் கழற்ற வேண்டும். தலைமுடியை றப்பர் பாண்டால் தாழ்வாகப் பின்னிக் கட்டினால் போதும். காத்தான்குடி, ஏறாவூர், நிந்தவூர், சாய்ந்தமருதுப் பிள்ளைகளுக்கு முழுக்கை இறுக்கமான உள்மேலாடையும் கணுக்கால்வரை நீளும் இறுக்கக் காற்சட்டையும் போட்டுப் பயிற்சி செய்வதில் எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. தலைமறைப்பு ஊசியில்லாத விளையாட்டு வகையாக இருக்கட்டும். ஊசிதான் ஆபத்து. போட்டி உடை விதியை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். போட்டி காலையில் வாசலில் நின்று வாதாடினால் அழுவது பிள்ளைதான்.

தராசு. 100 கிராம் வரை காட்டும் இலக்கத் தராசு வேண்டும். சீமெந்துத் தரையில் மட்டமாக வைத்து, நிறை தெரிந்த பளுத்தூக்கும் தட்டுகளை ஏற்றி மாதம் ஒருமுறை சரிபாருங்கள். மெத்தையின் மேல் தராசை வைத்தால் பிழை காட்டும். நூறு கிராம் என்ன பெரிய விசயம் என்பவர்களுக்குப் பாரிஸ் 2024 ஒலிம்பிக். இந்திய வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோப் பிரிவில் ஒரே நாளில் மூன்று போட்டி வென்றார். முதலாவது, அதுவரை சர்வதேசப் போட்டியில் தோற்றிராத யப்பானின் யுய் சுசாக்கியை வீழ்த்தியது. இறுதிப் போட்டி நாள் காலையில் தராசு 100 கிராம் கூடக் காட்டியது. தகுதி நீக்கம், பதக்கமே இல்லை. இரவு முழுக்க ஓடியும் வியர்த்தும் குறைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. உடம்பின் நீரைப் பிழிந்து நிறை குறைக்கிறவர்கள் சாப்பிட்டதும் அது திரும்ப ஏறும், அடுத்த காலை திரும்பப் பிழிய வேண்டும்.

மட்டக்களப்பு வெயிலில் பொலித்தீன் சுற்றி ஓடவிடுகிற பயிற்றுநர் யாராவது இருந்தால் அவரை அன்றே நிறுத்துங்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நிறை குறைப்பே கிடையாது, தராசு காட்டும் பிரிவில் மோதட்டும். மூத்தவர்களுக்குக் கிழமைக்கு உடல் நிறையில் 1.5 வீதத்துக்கு மேல் இறங்கக்கூடாது. 54 கிலோப் பிள்ளைக்கு அது 800 கிராம். மாதவிடாய் நாட்களில் ஒரு கிலோவோ அதற்கு மேலோ ஏறுவது இயல்பு, அதைப் பார்த்துச் சோற்றை நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் சாப்பாடு போதவில்லை என்று எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் அனுப்புங்கள். நிறை பார்ப்பது பூட்டிய அறையில், பெண் ஒருவர், இரண்டாம் பெண் சாட்சி. ஏட்டில் திகதி, நேரம், நிறை, இரு கையொப்பம். ஹமீதா பானுவுக்குக் கிடைக்காத ஏடு அதுதான்.

சாப்பாட்டில் ஹமீதா பானுவின் பட்டியலைப் பார்த்து எந்தத் தாயும் பயப்பட வேண்டாம். 50 கிலோப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 90 கிராம் புரதம் போதும். வாவி மீன் 150 கிராம் (30 கிராம் புரதம்), இரண்டு முட்டை (12), பருப்பு காயாக 50 கிராம் (12), கடலை 50 கிராம் (10), எருமைத் தயிர் ஒரு கோப்பை (8), இரண்டு நேரச் சோறு (14). கூட்டினால் 86. இது மட்டக்களப்பில் கிடைக்காத சாமான் இல்லை. பெரும்பாலும் பிழைப்பது காலைச் சாப்பாடு: இனிப்புத் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கற்றும் குடித்து வந்த பிள்ளை பின்னேரம் மெத்தையில் தலைசுற்றி இருக்கும். பயிற்சிக்கு இரண்டு மணித்தியாலம் முன் அரை லீற்றர் தண்ணீர், பயிற்சியில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை. தகரக் கூரை மண்டபத்தில் 4.30க்கு முன் தொடங்காதீர்கள்.

பன்னிரண்டு கிழமை எப்படிப் போகும்? கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொன்றும் 75 நிமிடம். முதல் மூன்று கிழமையும் விழப் பழகுவது. குந்தியிருந்து பின்னால் உருளல், நாடி மார்பில் ஒட்ட வேண்டும், இரு கையும் உடம்பிலிருந்து அரை விரிவில் மெத்தையை அறைய வேண்டும். பத்துப் பத்தாக மூன்று முறை. பிறகு நின்றபடி, பிறகு இணை மெதுவாக இழுக்க. இதில் அவசரப்பட்டால் பிள்ளை விழும்போது கையை நீட்டி ஊன்றும், மணிக்கட்டும் முழங்கையும் தோளெலும்பும் போவது அப்படித்தான். நாலாம் கிழமை நிலை, நகர்வு, இரட்டைக்கால் பிடி. நுழையும்போது தலை நிமிர்ந்து எதிராளியின் விலாவுக்கு வெளியே இருக்க வேண்டும். நிலத்தைப் பார்த்து நுழைந்தால் உச்சந்தலை மோதிக் கழுத்து மடங்கும். இந்த விளையாட்டில் மிகப் பயங்கரமான காயம் அது, அதனால் ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்துங்கள். கூடவே அதற்கான தற்காப்பு, காலைப் பின்னால் எறிந்து இடுப்பை இறக்குவது. கழுத்தைக் கட்டி இடுப்பால் தூக்கி எறிவதைப் பிள்ளைகள் தொலைபேசியில் பார்த்துக் கேட்பார்கள். பத்தாம் கிழமை வரை கொடுக்காதீர்கள், எறிபவரும் சேர்ந்து மேலே விழுந்து விலா முறிப்பார்கள்.

சோடி சேர்க்கையில் நிறை வித்தியாசம் பத்து வீதத்துக்குள் இருக்கட்டும். காது அடிபட்டு வீங்கினால் ஒரு கிழமைக்குள் வைத்தியரிடம் இரத்தத்தை எடுக்காவிட்டால் காது நிரந்தரமாகத் தடித்துவிடும். பெண் பிள்ளைகளின் வீட்டில் இது பெரிய பேச்சாகும் என்பதால் காதுக் கவசம் வாங்கி வையுங்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறிய பிள்ளை அன்று திரும்ப மெத்தை ஏறவே கூடாது, “எனக்கு ஒன்றுமில்லை சேர்” என்று சொன்னாலும்.

இந்தியாவில் சாக்‌ஷி மாலிக், றியோ 2016இல் 58 கிலோவில் வெண்கலம் எடுத்தவர், வினேஷ் போகாட்டோடும் மற்றவர்களோடும் 2023 ஜனவரியில் டெல்லித் தெருவில் போராட்டத்தில் இருந்தார். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் மீது பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டு. ஒலிம்பிக் பதக்கம் உள்ளவருக்கே தெருவுக்கு வரவேண்டியிருந்தது என்றால் தரம் 9 பிள்ளை யாரிடம் போகும்? எனவே மெத்தையருகில் எப்போதும் இரண்டு வளர்ந்தவர்கள், ஒருவர் பெண். ஆண் பயிற்றுநர் பிடியைக் காட்டுவது இன்னோர் ஆணிலோ பொம்மையிலோ, பிள்ளையைத் திருத்துவது வாயால். கதவு திறந்திருக்கட்டும், ஆனால் வேடிக்கை பார்க்கவும் படமெடுக்கவும் யாரும் நிற்கக்கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை உடைமாற்றும் அறையில் ஒட்டுங்கள். பரிசுக் காசு, பயணக் காசு எதுவும் பயிற்றுநரின் கணக்குக்குப் போகக்கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கு அல்லது பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிப் புத்தகம். பில்லி வுல்ஃப்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மெத்தைக்குக் காசு கிடைக்கும்வரை என்ன செய்வது என்று கேட்கும் கரையோரப் பாடசாலைகளுக்குக் கடற்கரை மல்யுத்தம் உண்டு. சர்வதேச விதியுள்ள தனிப் பிரிவு: 7 மீற்றர் விட்ட வட்டம், 3 நிமிடம் ஒரே சுற்று, முதலில் 3 புள்ளி எடுத்தவர் வெற்றி. கல்லடியிலும் திருக்கோவிலிலும் மணலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உள்ள மணலில் அப்படியே இறங்காதீர்கள். ஓரடி ஆழத்துக்குக் கொத்தி, அரிதட்டால் அரித்து, போத்தல் துண்டும் தூண்டிலும் மீன்முள்ளும் எடுத்து, வாரியால் சமப்படுத்த வேண்டும். எல்லையைத் தடித்த துணிப்பட்டையால் போடுங்கள், கயிறு காலில் சிக்கும். பின்னேரம் நாலரைக்குப் பிறகுதான், மதிய மணல் பாதத்தைச் சுடும். பார்வையாளர் தொல்லை இருக்கும் என்றால் பாடசாலை வளவுக்குள் மணல் ஏற்றிக் குழி செய்யுங்கள். 8 மீற்றர் சதுரத்துக்கு ஓரடி ஆழம் என்றால் ஏறக்குறைய 20 கன மீற்றர் மணல், ஏழு கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி).

கூடைப்பந்து மட்டக்களப்பில் ஊன்றியது, அமெரிக்க இயேசு சபைப் பாதிரிமார் வருடக்கணக்கில் அதே திடலில் நின்றதால். மல்யுத்தத்துக்கும் ஒரு நாள் விழா போதாது.

அடுத்த தவணைக்கு முன் உங்களிடம் வேண்டுவது இவ்வளவே. மண்டபத்தின் நீளம், அகலம், தூண்களின் இடைவெளி, மெத்தைத் துண்டு நுழைய வேண்டிய வாசலின் அகலம் ஆகியவற்றை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். 1 மீற்றர் அகலத் துண்டு 80 சென்ரிமீற்றர் கதவால் சாய்த்துத்தான் போகும், தடித்தது வளையாது. வெள்ளம் கடைசியாக எந்த அளவுக்கு ஏறியது என்று காவலாளியைக் கேட்டுச் சுவரில் கோடு போடுங்கள். பழகத் தயாரான ஒரு ஆசிரியையின் பெயரை அதே தாளில் சேருங்கள். ஆசிரியை கிடைக்காவிட்டால் மெத்தைக்கு இப்போது விலை கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
பெண்கள் மல்யுத்தப் பயிற்றுநர்களும் நடுவர்களும்
மட்டக்களப்பு – அம்பாறை